குளோரின் மேல் பழி போடுவதற்கு முன்

1831-ஆம் ஆண்டு, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலேயே மூன்று நாடுகளில் மூன்று பேர் குளோரோஃபார்மைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் சாமுவேல் கத்ரி, பிரான்சில் சூபெய்ரான், ஜெர்மனியில் லீபிக். கத்ரி எடுத்துக்கொண்டவை இரண்டே பொருள்கள்: பிளீச்சிங் பவுடரும் சாராயமும். இரண்டையும் கலந்து காய்ச்சி வடித்தபோது இனிய மணமுள்ள கனத்த திரவம் ஒன்று இறங்கியது. இன்று கேரளத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் லட்சக்கணக்கான கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றப்படுகிறது. கிணற்றில் சாராயம் இல்லைதான். ஆனால் உதிர்ந்த இலை, மட்கிய வேர், பாசி, மண்ணோடு கரைந்து வந்த பழுப்பு நிறப் பொருள்கள் என்று கார்பன் சேர்மங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே குளோரின் இட்ட ஒவ்வொரு கிணற்றிலும், ஒவ்வொரு குழாய்த் தண்ணீரிலும் மிக நுண்ணிய அளவில் குளோரோஃபார்மும் அதன் உறவுச் சேர்மங்களும் உருவாகின்றன. இதைக் கேட்டவுடன், “அப்படியானால் குளோரினே வேண்டாம்” என்று முடிவு கட்டுவோர் உண்டு. “இதெல்லாம் வீண் பயம்” என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டு முடிவுகளும் தவறு. குளோரோஃபார்ம் போன்ற ஹேலோ ஆல்கேன்களின் தயாரிப்பு, பண்புகள், வினைகள் என்று பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் பாடத்திலேயே இதற்கான விடை இருக்கிறது: குறைக்க வேண்டியது குளோரினை அல்ல, அது வந்து சேரும் தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை.

திருவனந்தபுரத்தில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. நகரத்துக்குக் கரமனை ஆற்றின் நீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது. 1933-இல் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்த குடிநீர்த் திட்டம்தான் இதன் தொடக்கம். குழாய் வந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பிறகும் வீட்டுக்கு வீடு கிணறு என்ற பழக்கம் போகவில்லை. கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவறைக் குழியும் இருப்பதால் மலக்கிருமிகள் ஊறி வருவது இங்கே பழைய தலைவலி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு மாநிலம் முழுவதும் கிணறுகளுக்குக் கூடுதல் அளவில் குளோரின் இட்டார்கள். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரை அருகே ஒரு விடுதியில் காலரா தலைகாட்டியது. அடுத்த மாதமே அதே வட்டாரத்தில் ஒரு குளத்தில் இறங்கியவர்களுக்கு மூளையைத் தாக்கும் அமீபா தொற்று ஏற்பட்டது. 2025 ஆகஸ்ட் இறுதியில் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இடும் இயக்கத்தை அரசே நடத்தியது. இவ்வளவு பெரிய அளவில் ஒரு வேதிவினை நடக்கும்போது, அதன் விளைபொருள்களைப் பற்றி மக்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் முறை.

கிணற்றில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாதாரணமாக 1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், நோய் பரவும் காலத்தில் 5 கிராம் என்பது சுகாதாரத் துறையின் கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். அதற்குக் கூடுதல் அளவில் 47 கிராம் தேவை. பவுடரை வாளியில் போட்டு, சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுகிறார்கள். அடியில் சுண்ணாம்பு படிந்துவிடும். மேலே உள்ள தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நீருக்கடியில் மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரை எடுக்கலாம். பவுடரில் குளோரின் 33 சதவீதம் என்று கொண்டால், சாதாரண அளவில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் குளோரின் சேர்கிறது. கிருமிகளைக் கொல்வதும் அதுதான், கரிமப் பொருளைத் தாக்குவதும் அதுதான். இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையிலான போட்டியில்தான் குளோரோஃபார்ம் பிறக்கிறது.

ஹேலோ ஆல்கேன்களைத் தயாரிக்கும் வழிகள் என்று பாடநூல் ஒரு பட்டியல் தரும். ஆல்கஹாலோடு ஹைட்ரஜன் குளோரைடு, சூரிய ஒளியில் மீத்தேனோடு குளோரின், ஆல்கீனோடு ஹைட்ரஜன் புரோமைடு என்று அது நீளும். இவற்றில் எதுவும் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் நடக்கக்கூடியது அல்ல. நடப்பது ஹேலோஃபார்ம் வினை. கார்பனைல் தொகுதியை ஒட்டிய கார்பனில் உள்ள ஹைட்ரஜன்கள் சற்றுத் தளர்ந்தவை. காரம் அவற்றை எளிதில் பறித்துவிடும். பறிபோன இடத்தில் குளோரின் வந்து உட்காருகிறது. ஒரு குளோரின் ஏறியதும், அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் மீதி ஹைட்ரஜன்கள் இன்னும் தளர்கின்றன. அதனால் இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதைவிட வேகமாக ஏறிவிடுகின்றன. மூன்றும் ஏறிய பிறகு அந்தக் கார்பன், தான் ஒட்டியிருந்த மூலக்கூறிலிருந்து அறுந்து வெளியேறி, ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு குளோரோஃபார்ம் ஆகிறது. கத்ரியின் பாத்திரத்தில் சாராயம் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இந்தப் பாதைக்கு வந்தது. கிணற்றிலும் ஆற்றிலும் அந்த இடத்தை எடுத்துக்கொள்பவை மட்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்கள். 1974-இல் ராட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தின் வேதியியலாளர் ரூக், குளோரின் இட்ட ஆற்று நீரில் குளோரோஃபார்மையும் அதன் உறவுச் சேர்மங்களையும் கண்டறிந்து வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள். மூல நீரில் இல்லாத குளோரோஃபார்ம் சுத்திகரிப்புக்குப் பிறகு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விரைவிலேயே விடை கிடைத்தது: ஹியூமிக் பொருளில் உள்ள சில வளையங்களைக் குளோரின் உடைக்கிறது, உடைந்த துண்டுதான் குளோரோஃபார்ம்.

எவ்வளவு உருவாகும் என்பதற்கும் வேதியியலே வரம்பு போடுகிறது. ஒரு குளோரோஃபார்ம் மூலக்கூறுக்கு மூன்று குளோரின் மூலக்கூறுகள் வேண்டும். சாதாரண அளவில் இட்ட குளோரின் முழுவதும் இந்த வினைக்கே போனாலும், லிட்டருக்கு 0.46 மில்லிகிராமுக்கு மேல் குளோரோஃபார்ம் உருவாக முடியாது. நடைமுறையில் குளோரினின் பெரும்பகுதி இரும்பையும் அம்மோனியாவையும் கரிமப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்வதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு சிறு பங்குதான் இந்தப் பாதைக்கு வருகிறது. அந்தப் பங்கு கூடுவதும் குறைவதும் நான்கைந்து காரணங்களைப் பொறுத்தது: கரைந்துள்ள கரிமப் பொருள், வெப்பம், குளோரின் தண்ணீரில் தங்கும் நேரம், பி.எச்., புரோமைடு. வினை காரத்தால் தூண்டப்படுவது என்பதால் பி.எச். கூடக் கூட விளைச்சல் கூடும். செம்மண் கல் பூமியில் தோண்டிய கேரளக் கிணறுகளில் பல இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டவை. அங்கே குளோரோஃபார்ம் குறைவாகவே உருவாகும். அதே நேரம், குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருப்பதால் கிருமியைக் கொல்லும் திறனும் கூடும். கடற்கரைப் பக்கம் கதை வேறு. உப்பு நீர் ஊறும் கிணறுகளில் புரோமைடு இருக்கும். குளோரின் அதைப் புரோமினாக மாற்றிவிட, அந்தப் புரோமின் குளோரினைவிட விரைவாகக் கரிமப் பொருளில் ஏறுகிறது. அதனால் குளோரோஃபார்மோடு புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம் ஆகியவையும் சேர்ந்துவிடுகின்றன. இந்த நால்வரையும் சேர்த்துத்தான் டிரைஹேலோமீத்தேன்கள் என்கிறார்கள்.

உருவான பிறகு இவை என்ன ஆகின்றன? கார்பன்–ஹேலஜன் பிணைப்பில் கார்பன் பகுதி நேர்மின்சுமை கொண்டது, அதனால் எதிர்மின்சுமையுள்ள எதுவும் வந்து தாக்கி ஹேலஜனை வெளியேற்றும் என்று கருக்கவர் பதிலீட்டு வினைப் பாடம் சொல்கிறது. அதை மட்டும் நம்பினால், தண்ணீரே குளோரோஃபார்மைச் சிதைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூலக்கூறின் வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூவிணைய பியூட்டைல் குளோரைடைத் தண்ணீரில் போட்டால் அரை நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துவிடும். அங்கே குளோரின் தானாகக் கழன்று நிலையான ஒரு கார்பன் நேர்அயனி உருவாகிறது. மீத்தைல் குளோரைடுக்குப் பாதி சிதைய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். குளோரோஃபார்முக்கோ ஆயிரம் ஆண்டுகளும் போதாது. மூன்று குளோரின் அணுக்கள் அந்தக் கார்பனைச் சுற்றி அரண் போட்டு நிற்கின்றன. பின்புறமிருந்து தாக்க இடமில்லை, நேர்அயனி உருவாகவும் வழியில்லை. ஆகவே கிணற்றில் உருவான குளோரோஃபார்ம் வினைபுரிந்து மறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் அதன் இயற்பண்பு நமக்குத் துணை நிற்கிறது. அதன் கொதிநிலை 61 பாகை செல்சியஸ்தான். தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக இல்லாததால் கரைதிறனும் குறைவு. காற்று பட்டால், கலக்கினால், சூடாக்கினால் அது வெளியேறிவிடும். புரோமின் சேரச் சேர மூலக்கூறு கனமாகி, கொதிநிலை ஏறிக்கொண்டே போய், புரோமோஃபார்மில் 149 பாகையைத் தொடுகிறது. அதனால் கடலோரக் கிணற்றின் விளைபொருள்கள் அவ்வளவு எளிதில் பறந்துபோகா.

இனி பெரிய ஆட்சேபம்: குளோரோஃபார்ம் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறார்களே? 1976-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், அதிக அளவில் குளோரோஃபார்ம் கொடுத்த எலிகளிலும் சுண்டெலிகளிலும் கட்டிகள் வந்ததாக அறிவித்தது உண்மை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதை “மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற வகையில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் விலங்குகளுக்கு அதைச் சோள எண்ணெயில் கலந்து, ஒரே வீச்சில் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் குடிதண்ணீரில் கலந்து நாள் முழுவதும் குடிக்கவிட்டபோது சுண்டெலிகளின் கல்லீரலில் அந்தக் கட்டிகள் கூடவில்லை. காரணம் மறுபடியும் வேதியியல்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் குளோரோஃபார்ம் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால்தான் ஆய்வகங்களில் அதைப் பழுப்பு நிறப் புட்டியில், விளிம்பு வரை நிரப்பி, சிறிது எத்தனால் சேர்த்து வைக்கிறார்கள். கல்லீரலில் ஒரு நொதி இதே வினையைச் செய்கிறது. சிறிய அளவில் உருவாகும் பாஸ்ஜீனைக் குளுட்டாதயோன் உடனுக்குடன் முடக்கிவிடும். அந்தக் கையிருப்பு தீரும் அளவுக்கு ஒரேயடியாக வரும்போதுதான் செல்கள் செத்து, மீண்டும் மீண்டும் பெருகி, அதில் தவறு நேர வாய்ப்பு உண்டாகிறது. அதாவது, இந்தப் பொருளுக்கு ஒரு வாசல் அளவு இருக்கிறது. அதற்குக் கீழே ஆபத்து கணிசமாகச் சரிகிறது.

அந்த வாசலிலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் நிற்கிறோம்? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை 0.3. நமது எல்லையைத் தொட்டு நிற்கும் தண்ணீரையே தினம் 2 லிட்டர் குடித்தாலும் உடலுக்குள் போவது 0.4 மில்லிகிராம். 1847-இல் எடின்பரோவில் சிம்ப்சன் மயக்க மருந்தாக அறிமுகப்படுத்திய பிறகு, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அறுவை மேசையில் ஒரே வேளையில் கிராம் கணக்கில் நோயாளிகள் இதைச் சுவாசித்தார்கள். அங்கே மரணங்கள் நிகழ்ந்ததும் உண்மை; அவை இதயத்தாலா மூச்சாலா என்று தீர்மானிக்க 1888-இலும் 1889-இலும் ஹைதராபாத்தில் நிஜாமின் செலவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அமைந்தன. அந்த அளவையும் குடிநீர் அளவையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியலாகாது. இதற்காக எல்லாம் சரி என்று கையைத் தட்டிவிட்டுப் போகவும் முடியாது. குளோரின் இட்ட நீரை நெடுங்காலம் பயன்படுத்தியோரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குக் காரணம் குளோரோஃபார்ம்தானா, கூடவே உருவாகும் புரோமின் சேர்மங்களும் பிறவுமா என்பது இன்னும் தீராத வழக்கு. புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு நம் தரம் 0.06 என்று இன்னும் கடுமையான எல்லை வைத்திருக்கிறது. ஆகவே இவற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் குறைத்து இவற்றைக் குறைப்பது என்பதுதான் கேள்வி.

குளோரினையே குறைத்துவிடலாம் என்பவர்களுக்குப் பதிலாக, 1991-இல் பெருவில் பரவிய காலராவைச் சொல்வது வழக்கம். அந்த ஆண்டு அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; ஏறத்தாழ 2,900 பேர் இறந்தார்கள். புற்றுநோய்ப் பயத்தால் அதிகாரிகள் குளோரினை நிறுத்தியதே காரணம் என்று ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. அந்தக் கதை அப்படியே உண்மையல்ல. அங்கே பல ஊர்களில் முறையான குடிநீர் அமைப்போ தொடர்ந்த குளோரினோ முதலிலிருந்தே இல்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். மிகைப்படுத்திய கதை இல்லாமலேயே வாதம் நிற்கும். தண்ணீரில் கிருமிநாசினி இல்லாவிட்டால் காலரா எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அந்த ஆண்டே சான்று. அமீபா விஷயத்தில் மருத்துவம் தோற்கும் இடம் மிக அதிகம் என்பதால், நீரைக் கிருமிநீக்கம் செய்வதே முதல் காப்பு. கண்ணுக்குத் தெரியாத, பல பத்தாண்டுகளில் வரக்கூடிய சிறு ஆபத்தைத் தவிர்க்க, அடுத்த வாரமே கொல்லக்கூடிய ஆபத்தை வரவேற்பது கணக்குத் தெரியாதவர் செய்யும் வியாபாரம்.

மாற்றுக் கிருமிநாசினி இல்லையா என்று கேட்கலாம். ஓசோன் நல்ல கிருமிக்கொல்லி. ஆனால் புரோமைடு உள்ள நீரில் அது புரோமேட் என்ற வேறொரு சந்தேகத்துக்குரிய பொருளை உண்டாக்கும், தண்ணீரில் தங்கவும் செய்யாது. புற ஊதாக் கதிர் விளக்கைத் தாண்டியதும் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அருவிக்கரையிலிருந்து நகரத்தின் கடைசித் தெரு வரை பழைய குழாய்களில் போகும் நீருக்கு வழிநெடுகக் காவல் வேண்டும். குளோரமின் டிரைஹேலோமீத்தேன்களைக் குறைவாகவே உருவாக்கும். ஆனால் கிருமியைக் கொல்லும் வேகம் குறைவு, நைட்ரஜன் சேர்ந்த வேறு துணைப்பொருள்களும் வரும். திறந்த கிணற்றுக்கு இவற்றில் எதுவும் ஒத்துவராது. மலிவாகக் கிடைத்து, எளிதில் அளக்க முடிந்து, எஞ்சி நின்று காப்பது குளோரின்தான். குளோரின் உண்டாக்கும் துணைப்பொருளுக்குக் குளோரினை மட்டும் குற்றம் சொல்வது, கூரை ஒழுகுவதற்கு மழையைத் திட்டுவது போல.

சரிசெய்ய வேண்டிய கூரை கரிமப் பொருள். சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கு வழி தெளிவு. படிகாரம் இட்டு மட்குப் பொருளைத் திரளவைத்து, படியவிட்டு, மணலில் வடித்து, அதன் பிறகு குளோரினைச் சேர்த்தால், அது தாக்குவதற்கு மிச்சம் கொஞ்சமே இருக்கும். ஆற்று நீர் கலங்கி வரும்போது நுழைவாயிலிலேயே குளோரினைக் கொட்டினால், கரிமப் பொருள் முழுவதும் அதற்குத் தீனியாகி டிரைஹேலோமீத்தேன்கள் ஏறும். கிணற்றில் வழி இன்னும் எளிது. சுற்றுச் சுவரை உயர்த்துவது, வலை போட்டு இலை விழாமல் தடுப்பது, ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் இறைத்துச் சேற்றை அள்ளுவது, கழிவுக் குழியைத் தள்ளி அமைப்பது. தண்ணீரில் கரிமப் பொருள் குறைந்தால் குளோரினின் தேவையும் தானாகக் குறைகிறது. அதே அளவு பவுடர் அதிக நேரம் காவல் நிற்கிறது. அளவிலும் கண்டிப்பு வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் திறந்து கிடக்கும் மூட்டையில் பிளீச்சிங் பவுடர் வலுவிழந்துவிடும். அதைக் கண்ணளவில் அள்ளிப் போட்டால் ஒரு நாள் குறைவு, ஒரு நாள் மிகுதி. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல், நோய் பரவும் காலத்தில் 0.5 வரை இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்ப்பதுதான் சரியான அளவுகோல். மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும் அளவுக்குக் கொட்டுவது கூடுதல் பாதுகாப்பு அல்ல.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கேரளத்தின் பழக்கம் அதற்குத் தோதானது. பதிமுகம், கருங்காலி, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் குடிப்பது இங்கே வழக்கம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது கிருமியும் சாகும், குளோரோஃபார்மும் ஆவியோடு போகும். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் தேவை. குளோரின் மிச்சமிருக்கும் பச்சைத் தண்ணீரில் மரச்சீவலைப் போடுவது, குளோரினுக்குப் புதிதாகக் கரிமப் பொருளைக் கொடுப்பதாகும். அதுவும் பதிமுகத்தின் நிறப்பொருளில், குளோரின் எளிதில் தாக்கக்கூடிய ஹைட்ராக்சி வளையங்கள் இருக்கின்றன. முதலில் நீரைக் கொதிக்கவிட்டு, குளோரின் போன பிறகு பதிமுகத்தைப் போடுவதே வேதியியல் காட்டும் முறை. கொதித்தவுடன் அணைத்துவிடாமல் சில நிமிடங்கள் கொதிக்கவிடுவதும் நல்லது. ஏனென்றால் குளோரின் இட்ட நீரில் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலமும் இருக்கும்; சூட்டில் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து புதிதாகக் குளோரோஃபார்ம் ஆகும். அதுவும் வெளியேற நேரம் வேண்டும். சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எஞ்சியிருப்பது அரசு செய்ய வேண்டியது. டிரைஹேலோமீத்தேன்களை அளக்க வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும்; அது எல்லாச் சிறு ஆய்வகங்களிலும் இருக்காது. ஆனால் தரத்தில் எல்லை எழுதிவைத்துவிட்டு அளக்காமல் இருந்தால், பயம் காட்டுபவருக்கும் பயமே வேண்டாம் என்பவருக்கும் ஒரே போல வசதியாகிவிடும். சுத்திகரிப்பு நிலையங்களின் நீரிலும், மாதிரிக்கு எடுத்த கடலோரக் கிணறுகளிலும் இந்த நான்கு சேர்மங்களை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, முடிவுகளை மலையாளத்திலும் தமிழிலும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதுவரை, இந்த மழைக்கும் கிணற்றில் குளோரின் இடுங்கள்; இடுவதற்கு முன் கிணற்றைச் சுத்தம் செய்யுங்கள்.